ஹைபிரிட் கேமராவிடம் வீடியோ எடுப்பவர்கள் கேட்பது என்ன? கேள்வி பதில்

புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் ஒரே பாடியாக விற்கப்படும் ஹைபிரிட் கேமராக்களைப் பற்றி, திருமண ஒளிப்பதிவாளர்கள், ஆவணப்படம் எடுப்பவர்கள், மாணவர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த மாடலை வாங்கலாம் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இந்தக் கேமராக்களில் நமக்கு உண்மையில் எது தேவை, அதைத் தயாரிப்பாளர்களிடம் எப்படிக் கேட்பது என்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கேமராக்களில் வீடியோ ஏன் மாற்றாந்தாய்ப் பிள்ளையைப் போலவே நடத்தப்படுகிறது?

பிறப்பே அப்படித்தான் அமைந்தது. 2008 ஆகஸ்டில் வெளிவந்த நிக்கான் டி90தான் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். அது 720பி அளவில் விநாடிக்கு 24 ஃபிரேம் பதிவு செய்தது, ஒரு கிளிப் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. அடுத்த மாதமே கேனான் அறிவித்த 5டி மார்க் 2, ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் 1080பி வீடியோவைத் தந்தது. ஆனால் அதில் 30 ஃபிரேம் மட்டுமே இருந்தது. அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை), ஷட்டர் (ஒளி பதியும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் கேமராவே தீர்மானித்துக்கொண்டது.

நம் நாட்டைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. இங்கே சாதாரண டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் நின்றால்தான் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு ஒளி விழும். கேமரா தானாக வேறு வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் முழுவதும் மினுக்கும், அல்லது பட்டை பட்டையாக ஓடும். 5டி மார்க் 2இல் ஷட்டரையும் அபர்ச்சரையும் கையால் வைக்கும் வசதி 2009 ஜூனில் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) மூலம் கிடைத்தது; 24, 25 ஃபிரேம்கள் 2010 மார்ச்சில் வந்தன. இரண்டுமே பயன்படுத்தியவர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தவை, இரண்டுக்குமே கேமராவுக்குள் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நம் கோரிக்கைப் பட்டியலில் பாதிக்கு மேல் இன்றும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

கேள்வி: அண்ணா, மே மாத முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா சூடாகி நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே எடுக்கிறேன். இதற்கு விடிவே இல்லையா?

உங்கள் பயம் நியாயமானது. 2020இல் கேனான் ஆர்5 வந்தபோது, 8கே பதிவு ஏறத்தாழ 20 நிமிடம், உயர்தர 4கே ஏறத்தாழ 30 நிமிடம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அந்தக் கணக்கு 23 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. ஹோமப் புகையும் வீடியோ லைட்டும் நிறைந்த மண்டப மேடையில் 23 டிகிரியை யார் பார்த்தார்கள்?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றதற்கு வெப்பம் முதன்மைக் காரணமல்ல. ஒரே மூச்சில் 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் சுங்க வரி விதித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையே காரணம். அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. வெப்பமோ இயற்பியல் சார்ந்தது: சென்சாரை முழுவதுமாக வாசித்து, 6கே அல்லது 8கே தகவலை 4கே ஆகச் சுருக்கும்போது சென்சாரும் பிராசசரும் இடைவிடாமல் உழைக்கின்றன, மழைக்கும் தூசுக்கும் அடைத்து மூடிய பாடிக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. பானசோனிக் எஸ்1எச் (2019), சோனி எஃப்எக்ஸ்3 (2021), பானசோனிக் எஸ்5 2 (2023) ஆகியவை விசிறியோடு வந்து, இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான் என்று காட்டின.

விசிறி இல்லாத கேமராவில் நாம் கேட்க வேண்டியது நேர்மையான தகவல். பேட்டரி எத்தனை சதவீதம் என்று காட்டும் கேமராவால், இந்த வெப்பநிலையில் இன்னும் எத்தனை நிமிடம் ஓடும் என்றும் காட்ட முடியும். தெர்மாமீட்டர் படம் ஒன்று மின்னியதும் அடுத்த நிமிடத்தில் அணைந்துபோகும் கேமராவை நம்பி யாரும் மாங்கல்யதாரணம் எடுக்க முடியாது. இப்போதைக்கு உங்களால் செய்யக்கூடியவை இவை: வெப்பத்தால் அணையும் வரம்பை மெனுவில் உயர்ந்த நிலைக்கு மாற்றுங்கள், திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திருப்பி வையுங்கள், முகூர்த்தத்துக்கு முந்தைய அரை மணி நேரம் கேமராவை அணைத்து நிழலில் வையுங்கள், தாலி கட்டும் காட்சியை, சென்சார் தகவலைச் சுருக்கித் தரும் உயர்தர 4கேயில் எடுக்காமல் சாதாரண 4கேயில் எடுங்கள்.

கேள்வி: லாகில் (பின்னர் வண்ணம் திருத்தத் தட்டையாகப் பதியும் முறை) எடுக்கும்போது எக்ஸ்போஷர் சரியா என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹிஸ்டோகிராம் போதாதா?

போதாது. ஹிஸ்டோகிராம், படத்தில் எத்தனை புள்ளிகள் எவ்வளவு வெளிச்சமாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லாது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, மணப்பெண்ணின் சரிகை, நடுவில் ஹோமத் தீ, சற்றே இருட்டில் முகங்கள் என்று ஒரு ஃபிரேமை எண்ணிப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நிற்கும் குவியல் வேட்டியா, தீயா என்று ஹிஸ்டோகிராமில் தெரியாது. தீ வெளுத்துப்போனால் பாதகமில்லை. வேட்டி வெளுத்துப்போனால் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் காகிதமாகிவிடும். வேவ்ஃபார்ம் என்ற வரைபடத்தில் வெளிச்சம் உயரமாகத் தெரியும், படத்தின் இடமும் வலமும் அப்படியே இருக்கும் என்பதால், வேட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

பானசோனிக் 2017இல் ஜிஎச்5லேயே வேவ்ஃபார்மைக் கொடுத்துவிட்டது. நிக்கான் இசட்9க்கு 2022 ஏப்ரலில் ஃபர்ம்வேர் வழியாக அது வந்து சேர்ந்தது. கடையில் விற்று முடித்த கேமராவுக்கே மென்பொருளால் தர முடிந்த ஒன்றை, சில நிறுவனங்கள் விலை உயர்ந்த சினிமா மாடல்களுக்கென்று பூட்டி வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எனக்குத் தென்படவில்லை. என் கோரிக்கைப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான்.

வேவ்ஃபார்ம் இல்லாதவர்கள் ஜீப்ராவை (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் கோடுகள் காட்டும் வசதி) ஒழுங்காக அமைத்துக்கொள்ளலாம். சோனியின் எஸ்-லாக்3இல் 18 சதவீதச் சாம்பல் அட்டை 41 சதவீதத்திலும், வெள்ளைத் தாள் ஏறத்தாழ 61 சதவீதத்திலும் அமரும். 94 சதவீதத்தை எட்டினால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது என்று பொருள். ஒரு ஜீப்ராவை அந்த மேல் எல்லைக்கும் மற்றொன்றைச் சாம்பல் அட்டைக்கும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

கேள்வி: வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒவ்வொரு லென்ஸுக்கும் என்டி ஃபில்டரைக் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போகிறது. கேமராவுக்குள்ளேயே வைத்தால் என்ன?

எத்தனை ஒளியைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800க்கு எஃப் 16, ஷட்டர் 1/800 என்பது பழைய கைக்கணக்கு. வீடியோவுக்காக ஷட்டரை 1/50க்கு இறக்கினால் நான்கு ஸ்டாப் (ஒவ்வொன்றும் இரு மடங்கு ஒளி) கூடும். பின்னணி மங்க எஃப் 2.8க்குத் திறந்தால் மேலும் ஐந்து. ஆக ஒன்பது ஸ்டாப், அதாவது வரும் ஒளியில் 512இல் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட வேண்டும். லாகின் அடிப்படை ஐஎஸ்ஓ பெரும்பாலும் உயரத்திலேயே இருப்பதால் ஐஎஸ்ஓவைக் குறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. மலிவான வேரியபிள் என்டியை அந்த அளவுக்குத் திருகினால் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் நிழல் விழும், தோலின் நிறமும் பழுப்பேறும்.

2020இல் வந்த சோனி எஃப்எக்ஸ்6இலும் கேனான் சி70இலும் உள்ளேயே என்டி இருக்கிறது. ஆனால் அவை இரண்டிலும் சென்சாரை அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பு இல்லை. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள சிறிய இடத்தில் இரண்டையும் அடைப்பது கடினம் என்பதே தடை. கையில் பிடித்து எடுக்கும் புகைப்படக்காரருக்கு ஸ்டெபிலைசேஷன் வேண்டும், முக்காலியிலும் கிம்பலிலும் (கேமரா ஆடாமல் தாங்கும் கைக்கருவி) எடுக்கும் நமக்கு என்டி வேண்டும். ஒரே பாடியில் ஒன்றைத்தான் தர முடியும் என்றால், என்டி உள்ள ஒரு மாடலையும் ஹைபிரிட் விலையில் தாருங்கள் என்று கேட்பதே முறை.

கேள்வி: 10 பிட், 4:2:2 எல்லாம் அவசியமா? என் கணினி அந்த ஃபைல்களைத் திறக்கவே திணறுகிறது.

லாகில் எடுத்தால் 10 பிட் அவசியம் (4:2:2 என்பது நிறத் தகவலை எவ்வளவு சேமிக்கிறது என்பதன் குறியீடு). 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. லாகின் தட்டையான படத்தை விரிக்கும்போது படிகள் குறைவாக இருந்தால் வானத்தில் வரி வரியாகத் தெரியும். நேரடி வண்ணத்தில் எடுத்து அன்றே கொடுக்கும் வேலைக்கு 8 பிட் தாராளமாகப் போதும். கணினி திணறுவதற்கு உங்கள் கேமரா காரணமல்ல: எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான 4:2:2 ஃபைலை வன்பொருளால் பிரித்துக்காட்டும் திறன் இன்டெல் 11ஆம் தலைமுறையிலும் ஆப்பிள் எம்1 முதலும் இருக்கிறது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அத்தகைய கணினி கிடைக்கும்வரை பிராக்ஸி (சிறிய அளவு நகல்) உருவாக்கி எடிட் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டில் போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் என் வீடியோவில் பாதி ஃபிரேம் மட்டும் வெளுத்துப்போகிறது. கேமரா பழுதா?

பழுதல்ல. சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக வாசிக்கப்படுகிறது. ஃபிளாஷோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடுகிறது. அந்தக் கணத்தில் திறந்திருந்த வரிசைகளில் மட்டும் அது பதியும், மீதி சில நேரம் அடுத்த ஃபிரேமில் விழும். 1/50 ஷட்டர் என்றால் ஒவ்வொரு வரிசையும் 20 மில்லிவிநாடி திறந்திருக்கும். முழுச் சென்சாரையும் வாசிக்க 25 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும் கேமராவில் எல்லா வரிசைகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஃபிளாஷும் பட்டையாகவே பதியும். சோனி ஏ7எஸ் 3 போல ஏறத்தாழ 9 மில்லிவிநாடியில் வாசித்து முடிப்பதில் பல ஃபிளாஷ்கள் முழு ஃபிரேமில் விழுந்துவிடும், அது கண்ணை உறுத்தாது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3இல் எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் இருப்பதால் இந்தச் சிக்கலே எழாது.

கிம்பலை வேகமாகத் திருப்பும்போது தூண்கள் சாய்வதும் இதே வாசிப்பு நேரத்தால்தான். இவ்வளவு முக்கியமான எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் விவரப் பட்டியலில் போடுவதே இல்லை. சோதனை செய்பவர்கள் அளந்து சொன்னால்தான் நமக்குத் தெரிகிறது. மெகாபிக்சலைப் பெட்டியின் மேல் அச்சிடுபவர்கள் இதையும் அச்சிட வேண்டும்.

கேள்வி: ஆட்டோஃபோகஸை நம்பலாமா?

இன்று பெரும்பாலும் நம்பலாம். தன் வழியிலேயே கான்ட்ராஸ்ட் முறையை (முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடுவது) ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த பானசோனிக்கும் 2023 ஜனவரியில் எஸ்5 2இல் ஃபேஸ் டிடெக்ஷனுக்கு (எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று நேரடியாக அறியும் முறை) மாறிவிட்டது. கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்குத்தான் இன்னும் குறை: பல மிரர்லெஸ் லென்ஸ்களில் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால், வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம் என்று போகிறது. எத்தனை டிகிரி திருப்பினால் எவ்வளவு தூரம் என்று நிலையாக வைத்துக்கொள்ளும் அமைப்பு எல்லா லென்ஸிலும் வேண்டும்.

கேள்வி: ஒலி, கேபிள் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஹெட்போன் துளை இல்லாத கேமராவை வீடியோவுக்கு வாங்காதீர்கள். சோனி ஏ6400, நிக்கான் இசட்50 போன்ற நல்ல கேமராக்களில்கூட அது இல்லை. மைக்கின் ஒயர் தளர்ந்து கரகரப்பது காதில் கேட்டால்தான் அங்கேயே சரிசெய்ய முடியும். மைக்ரோ எச்டிஎம்ஐயும் அப்படித்தான்: மானிட்டர் ஒயரை யாராவது காலால் இழுத்தால் துளையே ஆட்டம் கண்டுவிடும். கேனான், ஆர்5இல் மைக்ரோவை வைத்துவிட்டு 2024இல் ஆர்5 மார்க் 2இல் முழு அளவுத் துளையைத் தந்தது. கேட்டதற்குப் பலன் இருக்கிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

கேள்வி: தயாரிப்பாளர்களிடம் நம் குரல் உண்மையில் போய்ச் சேருமா? எப்படி எழுத வேண்டும்?

சேரும், ஆனால் தாமதமாகச் சேரும், சில நேரம் நம் கைக்கு அப்பாற்பட்ட தடைகளும் இருக்கும். கேமராவுக்குள்ளேயே சுருக்கப்பட்ட ரா வீடியோ (சென்சார் தரும் பதப்படுத்தாத தகவல்) ஏன் இவ்வளவு அரிதாக இருந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கான காப்புரிமை சினிமா கேமரா தயாரிக்கும் ரெட் நிறுவனத்திடம் இருந்தது. இசட்9இல் அந்த வசதி வந்ததும் 2022இல் ரெட், நிக்கான்மீது வழக்குத் தொடுத்தது, 2023இல் அந்த வழக்கு கைவிடப்பட்டது, 2024இல் நிக்கான் ரெட் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 2025இல் வந்த நிக்கான் இசட்ஆரில் ரெட்டின் ரா வடிவம் ஹைபிரிட் அளவுப் பாடியிலேயே கிடைக்கிறது.

எழுதும்போது "வீடியோ வசதிகளை மேம்படுத்துங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அதைப் படிக்கும் பொறியாளருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மாடல், ஃபர்ம்வேர் எண், பதிவு வடிவம், கார்டு வகை, அன்றைய வெப்பநிலை, எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். எந்த வேலை அதனால் தடைபட்டது என்று இரண்டு வரி சேருங்கள். மென்பொருளால் தரக்கூடியதையும், அடுத்த பாடியில்தான் தர முடிவதையும் தனித்தனிக் கடிதமாக அனுப்புங்கள். முன்னதற்கு ஓராண்டுக்குள் விடை கிடைக்க வாய்ப்புண்டு. இந்தியக் கிளையின் சேவை மையத்துக்கு அனுப்பும்போது, தலைமை அலுவலகத்தின் தயாரிப்புப் பிரிவுக்கும் அனுப்பச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பிரதியை இணைத்துவிடுங்கள். 25 ஃபிரேம், 50 ஹெர்ட்ஸ், 40 டிகிரி மண்டபம் என்ற மூன்றையும் அதில் மறக்காமல் எழுதுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவற்றை அவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.