மண்ணே இல்லாமல் வளரும் வெள்ளி இலை ஏர் பிளான்டை வாரம் தவறாமல் ஊறவைக்கிறேன், ஆனாலும் நடுவில் கருத்துப்போகிறதே, ஏன்?

நீங்களும் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் வைத்திருப்பீர்கள். கடைக்காரர் கிண்ணத்தையும் சேர்த்துத்தானே தலையில் கட்டுகிறார்! ஊறவைத்ததில் தப்பில்லை. ஊறிய செடியை ஈரத்தோடு நிமிர்த்தி, காற்றோட்டம் இல்லாத கிண்ணத்தில் உட்காரவைப்பதுதான் வினை. ஏர் பிளான்டில் ஒரு வகையான செரோகிராஃபிகா, என் முதல் செடி, அப்படித்தான் போனது. 1,400 ரூபாய். நடு இலையை லேசாகத் தொட்டேன். வெந்த வெங்காயத் தோல் போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு, அழுகல் வாடை.

இரண்டாவது செடியின் கதை வேறு. ஊரிலிருந்து வந்த மாமியார், "இவ்வளவு தூசியோடு ஒரு செடியா?" என்று ஈரத்துணியால் இலை இலையாக அழுத்தித் துடைத்து வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அந்த வெள்ளி, தூசி அல்ல, பொடிப்பொடிச் செதில்கள். நீரை இழுப்பதும் வெயிலைத் தாங்குவதும் அவைதான். வேர், கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே. துடைத்த இடங்கள் இன்றும் மொட்டைப் பச்சையாக இருக்கின்றன. மற்ற இடங்கள் நனைந்தால் பச்சையாகி, உலர்ந்தால் மறுபடி சாம்பல் பூக்கும். செடி குடித்ததா என்பதை அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறேன்.

இப்போதெல்லாம் காலையில் அரை மணி நேரம் நீரில் போட்டு, தலைகீழாக உதறி, மின்விசிறிக்கு அடியில் பழக்கூடைமேல் கவிழ்த்துவிடுகிறேன். நான்கு மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். மாலையில் நனைப்பதே இல்லை. இந்தச் செடி இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும்; இலை ஈரமாக இருந்தால் அது தடைபடும். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து வறண்ட காடுகளில் மரக்கிளையில் வளர்வது, அங்கே கிண்ணம் ஏது? "ஐந்து வருடமாகக் கிண்ணத்தில்தான் வளர்க்கிறேன்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வளருங்கள், உங்கள் வீட்டில் காற்று நன்றாக ஓடுகிறது போலும். டெக்டோரம் மாதிரி பஞ்சு பொதிந்த வகையாக இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம், தெளித்தால் போதும்.

தண்ணீரும் முக்கியம். சென்னையில் எங்கள் அடுக்குமாடியின் ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரே உப்பு, செதில்களின் மேல் படிந்து அடைத்துவிடும். மழைநீர்தான் உத்தமம் என்று மொட்டைமாடியில் ஒரு வாளி வைத்தேன். "கொசு உற்பத்தி" என்று சங்கச் செயலாளர் என் கதவு எண்ணைப் போட்டு லிஃப்டில் சுற்றறிக்கை ஒட்டிவிட்டார். 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது! கொசுவலை கட்டிய வாளி, ஐயா அது. அவர் வீட்டு ஏசி நீர் மூன்று மாதமாக எங்கள் ஜன்னல் விளிம்பில் சொட்டித் தேங்குகிறதே, அதில் மட்டும் கொசு முட்டையிடாதாம். கேட்டதற்கு, அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார். ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய், செம்பு இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது என்று அவரிடம் யார் போய் விளக்குவது?