அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் காளான்: கேள்வி பதில்

மழை விட்டதும் தோட்டப் பக்கம் முளைத்த காளான்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள், சேர்த்தே எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து: அண்ணே, லயத்துக்குப் பின்னால் சோற்றுத் தட்டு அளவில் பழுப்புக் காளான். அடியில் ஏடு ஏடாக இல்லை, பஞ்சு மாதிரி இருக்கிறது. என்ன இது?

அந்தப் பஞ்சுதான் முக்கியம், தம்பி. அது நெருக்கியடித்த நுண்குழாய்களின் வாய். அப்படி இருந்தால் பொலீட் வகை. தட்டளவு தொப்பி, அடி பருத்த தண்டு, மஞ்சள் சதை, மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் பிளெபோபஸ் போர்ட்டென்டோசஸ்தான் நினைவுக்கு வரும், 30 செ.மீ. தாண்டியும் விரியும். பர்க்லி, புரூம் என்ற ஆங்கிலேயக் காளான் ஆய்வாளர்கள் 1873இல் அதற்குப் பெயர் வைத்ததே இலங்கையில் எடுத்த மாதிரியைப் பார்த்துத்தான், எனக்கு அதில் தனிப் பெருமை. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன். அடியையும், நெடுக்காக வெட்டிய பாதியையும் படமெடுத்து அனுப்புங்கள், தண்டை ஒடிக்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: கத்தி பட்ட இடம் நீலமாகிவிட்டது. விஷம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது, அக்கா. சதையிலுள்ள வேரியகேட்டிக் அமிலம் போன்ற பொருள்கள் காற்றுப் பட்டதும் நீலமாகின்றன, அவ்வளவுதான். நீலமாகும் நல்ல காளானும் உண்டு, நீலமாகாத கெட்டதும் உண்டு. ஆனால் இனம் பிரிக்க அது பெரிய உதவி: வெட்டியதும் மனதுக்குள் எண்ணுங்கள், சிலது பத்து எண்ணுமுன் மை ஊற்றியது போலாகும், சிலது தண்டோரம் மட்டும் மெல்ல வெளிறிய நீலம் காட்டும். எந்த இடம், எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள்.

பதுளையிலிருந்து: வித்தியின் நிறம் பார்ப்பது எப்படி?

தண்டை வெட்டிவிட்டு, தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ராத்திரி விடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்திருக்கும், அதுதான் வித்தி, காளானுக்கு விதை மாதிரி. பிளெபோபஸ் என்றால் ஒலிவ் கலந்த பழுப்பு, இளஞ்சிவப்பு வந்தால் டைலோபிலஸ் என்ற இன்னொரு பொலீட் பக்கம் தேட வேண்டும், அதில் பல கடும் கசப்பு.

நுவரெலியாவிலிருந்து: பைனஸ் காட்டில் தொப்பி பிசுபிசுக்கிறது, அடி மஞ்சள்?

பெரும்பாலும் சுயிலஸ், அதுவும் ஒரு பொலீட்தான். பைனஸ் வேரோடு சேர்ந்து வாழ்வது.

ஹப்புத்தளையிலிருந்து: அரிசியோடு அவித்து நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் அம்மாயி.

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அரிசி, வெள்ளிக் கரண்டி, பூச்சி கடித்த தடம், எதுவுமே விஷத்தைக் காட்டாது. ஏற்கெனவே சாப்பிட்டு வாந்தியோ வயிற்றோட்டமோ என்றால் மிச்சத் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.