எட்டு வயதிலும் பாய் நனைகிறதே, ஏன்?

கம்பத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன். எட்டு வயது மகன் இதுவரை ஒரு வாரம்கூடத் தொடர்ந்து பாயை நனைக்காமல் உறங்கியதில்லை. சோம்பல் என்று மாமியார் அடிக்கிறார். இது நோயா? மாத்திரை உண்டா?"

அம்மா, முதலில் அந்த அடி நிற்க வேண்டும். உறக்கத்தில் நடப்பது அவன் அறிந்து செய்வதன்று. இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை சீக்கிரமே நிறைந்துவிடுகிறது. நிறைந்தாலும் அவர்கள் விழிப்பதில்லை. ஐந்து வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குத் தானே நின்றுவிடும். பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், உங்கள் கணவர் எந்த வயதுவரை பாயை நனைத்தார் என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

இரவைவிடப் பகலைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லையென்று நாள் முழுதும் அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையில் வீடு வந்ததும் செம்பு செம்பாகக் குடிக்கிற பிள்ளைகள் பலர். காலையிலும் மதியத்திலும் தாராளமாகக் குடிக்கட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அனுமதிக்கும்படி ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டோடு கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதைப் பலரும் கவனிப்பதில்லை. நடுச்சாமத்தில் தூக்கிக்கொண்டு போய் விடுவதால் அன்றைக்குப் பாய் காயுமே தவிர, பிள்ளை தானாக எழப் பழகுவதில்லை.

இவற்றால் குறையாவிட்டால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரக் கருவி நல்ல வழி; இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பயன்படுத்த வேண்டும், அவனோடு ஒருவர் எழ வேண்டும். வாசோபிரசினைப் போலவே இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை விரைவில் பலன் தரும், ஆனால் நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். அதை விழுங்கிய இரவில் அதிகம் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவு குறையும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், பகலிலும் ஒழுகுதல், ஓயாத தாகத்தோடு உடல் மெலிதல், பலத்த குறட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லையென்று உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.