காசு கொடுத்துப் புத்தகம் போட்டவர்கள்: கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல், பதிப்பகத்துக்குப் பணம் கட்டித் தங்கள் புத்தகத்தைப் போட்டவர்களின் புலம்பல்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித்தர 4,000 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா?
– மதுரை

இல்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

300 பிரதிகளுக்கு 48,000 ரூபாய் கட்டினேன். பத்து மாதம் கழித்து 60 வந்தன. முதுகுப்பக்கத்தில் என் பெயரே தப்பு. இப்போது போனை எடுப்பதில்லை. வழக்கென்றால் சென்னையில்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

அம்மா, அந்தச் சென்னை வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் பேசுங்கள். பாஸ்புக் வரவு செலவு, வாட்ஸ்அப் பேச்சு, அந்த 60 பிரதிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ‘இவர் வியாபாரத்துக்காகப் போட்டார், நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சொந்த ஆசைக்குப் போட்ட புத்தகம் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

நூற்றுக்கு நூறு ராயல்டி என்றார்கள். 110 பிரதி விற்று 1,320 ரூபாய்தான் வந்தது. கேட்டால், “எழுத்தாளர் கணக்குப் பார்க்கலாமா?” என்கிறார்கள்.
– கோவை

இந்த ‘நூற்றுக்கு நூறு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதில் நூறு? 200 ரூபாய் புத்தகத்தில் கடைக் கழிவு 80, அச்சுக்கூலி 95, ‘கையாளும் செலவு’ 13 என்று கழித்தால் மிச்சம் 12. அந்தப் பன்னிரண்டில்தான் நூறு சதவீதம். அச்சுக்கூலி 95தானா என்பதற்கு அவர்கள் வாய்ச்சொல்தான் சாட்சி.

நானும் ஏமாந்தவன்தான். கவிதைத் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினேன். ‘சென்னைப் புத்தகக் காட்சியில் வைப்போம்’ என்றார்கள். போய்ப் பார்த்தால் மேசைக்கு அடியில், காக்கித்தாள்கூடப் பிரிக்காத கட்டாகக் கிடந்தது. பில் போடும் தம்பி அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்திருந்தார். எழுத்தாளன் என்ற கூச்சத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பினேன். மிக்சி வாங்கியிருந்தால் கடையையே இரண்டாக்கியிருப்பேன்! நீங்களும் மிக்சி வாங்கியவரைப் போலவே கேளுங்கள்: அச்சக பில், கடைவாரியான விற்பனை, கையிருப்பு, மூன்றும் எழுத்தில்.

நண்பரின் நண்பர் என்பதால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். இப்போது வேறு பதிப்பகம் கேட்கிறது. உரிமை யாரிடம்?
– சேலம்

படிக்காத தாளை எனக்கும் அனுப்பாமல் கேட்டால் நான் என்ன ஜோசியரா? முதலில் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுதான். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று இருந்தால் வக்கீலைப் பாருங்கள், நண்பரின் நண்பர் வேண்டாம்.

அச்சுக்காகப் பக்கம் அமைத்த லே-அவுட் ஃபைலைத் தர மறுக்கிறார்கள்.
– நாகர்கோவில்

கடைசித் தவணையைக் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால், ஃபைல் வந்த பிறகு கட்டுங்கள்.