றெயில் கேற்றில் நின்றால் ஏறும் முள்

கேள்வி: என்னுடையது இருபது வருடப் பழைய ஜப்பான் கார். காங்கேசன்துறை வீதியில் ஓடும்போது ஹீற் முள் நடுவிலேயே நிற்கிறது. கோண்டாவில் பக்கம் றெயில் கேற்றில் ஏசியோடு ஐந்து நிமிடம் நின்றால் சிவப்புக்குக் கிட்டப் போய்விடுகிறது. கராஜில் தெர்மோஸ்டாற்றை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் வால்வை) கழற்றிவிட்டார்கள், பலனில்லை. இப்போது ரேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(சுன்னாகம் வாசகர்)

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஓடும்போது ஏறாத முள் நின்றால் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஓடும் காருக்கு முன்னால் இருந்து வரும் காற்றே போதும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் ரேடியேற்றர் ஃபானின் தலையில் விழுகிறது. ஆகவே முதலில் ஃபானைப் பாருங்கள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீர் வாய்வரை நிற்கிறதா என்று பார்த்து மூடுங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிற தண்ணீர், திறந்த கணமே முகத்தில் அடிக்கும்.

சரி, இனி ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ஃபான் சுற்ற வேண்டும். சுற்றினால் ஒரு கடதாசித் தாளை முன்பக்கம் கிறிலுக்குக் கிட்டப் பிடியுங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொண்டால் காற்று சரியாக வருகிறது. ஒட்டாமல் தொங்கினால் ஃபான் மோட்டர் களைத்திருக்கலாம், அல்லது மாறிச் சுற்றலாம். பழைய சாமான் கடை மோட்டரைப் பூட்டும்போது வயரை மாற்றிக் கொடுத்து, ஃபான் எதிர்ப்பக்கம் சுற்றிய கார்களைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்குச் சுற்றுகிறது, காற்றுத்தான் வராது.

ஃபான் சுற்றவே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபான் ரிலேயை (ஃபானுக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சின்ன சுவிற்சை) கழற்றி, அதே பெட்டியில் இருக்கும் அதே மாதிரி ரிலே ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். பல கார்களில் ஹோர்ன் ரிலே பொருந்தும். அதற்கும் அசையாவிட்டால் மோட்டருக்குப் பற்றரியிலிருந்து நேராக 12 வோல்ற் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றினால் கோளாறு வயரிங்கில் அல்லது சென்சரில். சுற்றாமல், தடியால் மெல்லத் தட்டியதும் கிளம்பினால் மோட்டருக்குள் கரிப் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஏசி போட்டால் மட்டும் சுற்றி, ஏசி இல்லாமல் முள் ஏறும்போது சும்மா நின்றால் வெப்ப சென்சரைச் சந்தேகியுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபான் தானாகக் கிளம்பும், விரலைக் கவனியுங்கள்.

பழைய காலத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வயர் வேலை இல்லை. அவற்றில் ஃபானை பெல்ற்தான் இழுக்கிறது. பெல்ற் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபான் சரியென்றால் அடுத்தது தூசி. ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் தகட்டு வலைக்கும்) ரேடியேற்றருக்கும் நடுவில் செம்மண்ணும் பூச்சியும் சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஆறியபிறகு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய்த் தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள். பிரஷர் பம்பால் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம்: கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கரையோரக் கிணறென்றால் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் சூடானபின் நிறுத்தி, ஃபானின் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேற்றரின் முகத்தைக் கிட்டக் கையால் உணர்ந்து பாருங்கள். ஒரு பகுதி சுட்டு, இன்னொரு பகுதி திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த இடம் அடைபட்டுவிட்டது. அப்போதுதான் ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவது, அல்லது மாற்றுவது பற்றிய பேச்சு. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்றும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாற்றைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமெடுத்து எரிபொருளைக் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பிவிடும், ஹீற் இன்னும் கூடும்.

அதுவரை கேற்றில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போடுங்கள். வியர்க்கும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி அணையுங்கள்.

ஃபானும் தண்ணீரும் சரியாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது ரிசேர்வ் போத்தலுக்குள் இடைவிடாமல் குமிழி வந்தால், அல்லது எஞ்சின் ஒயில் மூடியின் அடியில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் படிந்திருந்தால் ஹெட் காஸ்கெற் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அப்படியென்றால் ஓட்டிப் பார்க்காதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டே கராஜுக்குப் போங்கள்.