சுவாசித்த ஆக்சிஜன் எங்கே போகிறது?

கேள்வி: நாம் இழுப்பது ஆக்சிஜன், விடுவது கார்பன் டை ஆக்சைடு. இழுத்த ஆக்சிஜன்தான் கார்பனோடு சேர்ந்து வெளியே வருகிறதா? செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அதற்கு என்ன வேலை? (பள்ளி மாணவி ஒருவர்)

பதில்: இல்லை, அது தண்ணீராகிறது. பல வருடம் உயிர்வேதியியல் பாடம் எடுத்தவன் நான். பட்டப்படிப்புக்கு வந்த பிறகும் நிறையப் பேர் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே பைருவேட் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைந்துவிடும். அவை உள்ளே போனதும் கார்பன்கள் கழன்று கார்பன் டை ஆக்சைடாகின்றன; பெரும்பாலும் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் கண்டறிந்த சுழற்சியில். அந்தக் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் உணவிலும் செல்லின் தண்ணீரிலும் இருந்தது. மூச்சுக்காற்றுக்கு அதில் பங்கில்லை.

சரி, மூச்சு எதற்கு? உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் புரதங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்துகின்றன. கடைசிப் புரதத்திடமிருந்து வாங்க யாராவது வேண்டுமே, அதுதான் ஆக்சிஜன். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரானையும் நான்கு புரோட்டானையும் ஏற்று இரண்டு தண்ணீர் மூலக்கூறாகிவிடும். சயனைடு முடக்குவது இந்தக் கடைசிப் புரதத்தைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைத் தொட முடியாது.

அப்புறம் சக்தி. எலக்ட்ரான்கள் கைமாறும் வழியில் புரோட்டான்கள் உள்சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 150 மில்லிவோல்ட் அளவு. அற்பமாகத் தெரிகிறதா? மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்று கணக்கு வரும். புரோட்டான்கள் திரும்பி வரும் முக்கிய வாசல், ஏடிபியை (செல் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அவை நுழைய நுழைய அது நிஜமாகவே சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பாக்டீரியாவில் உள்ள இதே நொதியின் தலைப்பகுதியைப் பிரித்து, தண்டில் ஒளிரும் இழையை ஒட்டி, ஏடிபி கொடுத்து எதிர்த்திசையில் சுற்றவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார்கள்! புரோட்டான் ஓட்டத்தால்தான் ஏடிபி உருவாகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லையாமே? பிறகு எப்படி உயிர் வாழ்கிறது?

பதில்: முதிர்ந்த சிவப்பணுவில் கிடையாதுதான். குளுக்கோஸைப் பைருவேட் வரை உடைத்து, அதில் நிகரமாகக் கிடைக்கும் இரண்டு ஏடிபியை வைத்தே காலம் தள்ளுகிறது. பைருவேட் லாக்டேட்டாக மாறி ரத்தத்தில் கலந்து, பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடும்.