கேட்ட பிறகு என்ன செய்தீர்கள்?

சிறு குழந்தைகளிடம் கருத்துக் கேட்பது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

என் மகளுக்கு இரண்டரை வயது. "குளிக்கலாமா?" என்றால் உடனே "வேண்டாம்" என்கிறாள். கேட்பதால்தானே தொல்லை, பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாமா?

கட்டளைக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டீர்கள். அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டாள். பாவம், அவள்மேல் என்ன குற்றம்? குளியல் நடந்தே தீரும் என்றால் "குளிக்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். முதலில் தலைக்கா காலுக்கா, சோப்பு யார் கையில், எந்தப் பொம்மை உடன் வருகிறது என்பதையெல்லாம் அவளிடம் விடுங்கள். இன்னொன்று: "சிவப்பா, நீலமா?" என்று வாயால் கேட்டால் இந்த வயதில் பலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள். இரண்டு சட்டைகளையும் விரித்து வைத்து, கை எதன்மேல் போகிறது என்று பாருங்கள்.

பத்து மாதக் குழந்தையிடம் என்ன கருத்துக் கேட்பது?

கரண்டி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, அது கருத்துதான். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்குத் தருவது, 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு. இதற்கு வயது வரம்பு வைக்க வேண்டாம் என்று 2009-ல் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு விளக்கம் தந்தது. விளையாட்டு, முகபாவம், ஓவியம் ஆகியவற்றையும் பேச்சாகவே மதிக்கச் சொன்னது. கரண்டியைச் சற்று நேரம் கீழே வையுங்கள்.

மழலையர் பள்ளி நடத்துகிறேன். விளையாட்டு முற்றத்தை மாற்றி அமைக்கப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "என்ன வேண்டும்?" என்று கேட்டோம். ஒருவன் ராக்கெட் என்றான். பிறகு எல்லோருக்கும் ராக்கெட்தான்.

ஆசிரியர் கேட்டால் சரியான விடை ஒன்றுதான் இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் சொன்னவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்!

இல்லாததைக் கற்பனை செய்யச் சொல்வதைவிட, இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001-ல் எழுதிய 'மொசைக்' முறை இதற்கென்றே உருவானது. கேமராவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது, அவர்களே நம்மைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது, படங்களை ஒட்டி வரைபடம் செய்வது, கூடவே பெரியவர்கள் கவனித்ததையும் சேர்த்து உட்கார்ந்து பேசுவது.

நான் இதை முயன்ற ஓரிடத்தில், நான்கு வயதுப் பையன் எடுத்த ஏழு படங்களில் ஐந்து ஒரே வேலிப்பலகை. என்னவென்று கேட்டதற்குப் பதில் இல்லை. குந்தி உட்கார்ந்து, பலகையின் அடியிலிருந்த இடைவெளியில் கண்ணை வைத்தான். நானும் குந்தினேன். வாசலில் காத்திருப்பவர்களின் கால்கள் தெரிந்தன. "அம்மா செருப்பு" என்றான். அங்கேதான் சுவர் எழுப்பத் திட்டம். எழுப்பினார்கள், அவன் கண் உயரத்தில் ஒரு சிறிய ஜன்னலோடு.

ராக்கெட் கிடையாது என்பதையும் காரணத்தோடு அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். குழந்தைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு தரப்படுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட, ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-ல் வரைந்த பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள். கீழ்மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பெயருக்குக் கேட்டுவிட்டு மறந்துபோவது அந்த மூன்றில் ஒன்று.

நானும் கணவரும் பிரிகிறோம். யாருடன் இருக்க விருப்பம் என்று நான்கு வயது மகனிடம் கேட்கலாமா?

வேண்டாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்றவரைக் கைவிட்டதாக அவன் மனம் கணக்குப் போடும். கருத்துச் சொல்வது குழந்தையின் உரிமை, கடமை ஆகாது. முடிவின் பாரம் உங்கள் இருவருடையது. ஆனால் எந்தப் போர்வை இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும், தூங்குமுன் யாருடன் போனில் பேச வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அதைக் கேளுங்கள், ஒரே ஒரு முறை. அதே கேள்வி திரும்ப வந்தால், முன்பு சொன்னது தப்புபோலும் என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடுவான். நீதிமன்றம் வரை போனால், அவனிடம் பேசுவது பயிற்சி பெற்ற ஒருவராக இருக்கட்டும்.

ஊசி போடப் போவதை முன்கூட்டியே சொல்லலாமா?

சொல்லுங்கள். "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊசி வேண்டுமா என்றும் கேட்காதீர்கள். எந்தக் கை, யார் மடி, ஊசியைப் பார்ப்பதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று கேளுங்கள். இடது கை என்று சொன்னால், செவிலியரிடமும் இடது கை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.